பார்த்தேன் என்று ஒரு கையெழுத்து

தி.நகர்,
4 ஆகஸ்ட் 2025, திங்கள்

அன்புள்ள தமிழ்நிலா,

இந்தக் கடிதத்திலும் இனி எழுதப்போகும் கடிதங்களிலும் நடந்ததை நடந்தபடியே எழுதுவேன். எனக்குச் சாதகமாக இல்லாததையும் விடமாட்டேன். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஏனென்றால் நான் இப்போது கேட்கப்போவது உனக்குப் பிடிக்காது.

நல்ல செய்தி முதலில். நேற்று மயிலாப்பூர் ஓவிய வகுப்பில் இனாயத் சார் உன் பயிற்சித் தாள்களை எல்லோருக்கும் தூக்கிக் காட்டினார். "பெரும்பாக்கத்துக்குப் போன பொண்ணு இதைப் போட்டு அனுப்புது. பக்கத்துத் தெருவுல இருந்துக்கினு நீங்கல்லாம் இன்னா பண்றீங்க?" என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது. அது உண்மை.

வீட்டுக்கு வந்ததும் உன் ஜூலை மாதத்துத் தாள்களை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அவற்றில் ஒன்றுகூட முழுதாக இல்லை. முதல் வரிசை வட்டங்கள் அழகாக இருக்கும். இரண்டாவது வரிசையில் வட்டங்களுக்குக் காது முளைத்துப் பூனையாகிவிடும். மூன்றாவது வரிசையில் ஒரு பூனை மாநகரப் பேருந்து ஓட்டும். அதற்குக் கீழே வெறும் வெள்ளை. இந்த வாரத் தாள்களில் ஒரு பூனையும் இல்லை. மேலிருந்து கீழ்வரை வட்டங்கள் மட்டும்.

ஆஸ்பத்திரியில் உனக்குக் கவனக் குறைபாடு, ஏ.டி.எச்.டி. என்று எழுதிக் கொடுத்த அன்று டாக்டர் என்ன சொன்னார் என்று நீதான் எனக்குச் சொன்னாய். ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்வது மற்றவர்களுக்குச் சலிப்பு, உனக்கு அது வலி மாதிரி, சோம்பேறித்தனம் என்று யார் சொன்னாலும் நம்பாதே என்றாராம். அந்த வலி ஒரே வாரத்தில் எங்கே போனது?

நான் கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. நீங்கள் வீடு மாறியதும் உன்னால் ஞாயிறுதோறும் வகுப்புக்கு வர முடியாது என்று உன் அம்மா சொன்னபோது, சார் ஒரே நிபந்தனையில்தான் ஒப்புக்கொண்டார். தாள்களை உன் அம்மா வேலைக்கு வரும்போது எங்கள் பாத்திரக் கடைக்குக் கொண்டுவர வேண்டும். நான் ஒவ்வொன்றையும் பார்த்துவிட்டு மூலையில் "பார்த்தேன், சிந்து" என்று எழுத வேண்டும். போன வருடம் ஒருவனுக்கு அவன் மாமா வரைந்து கொடுத்த கதை சாருக்கு இன்னும் ஆறவில்லை. மாதக் கடைசி ஞாயிறன்று அரசு ஓவியத் தேர்வுக்குப் பெயர் அனுப்புகிறார். என் கையெழுத்து இல்லாத தாளை அவர் தொடவே மாட்டார். இந்தத் தடவை பெயர் போகாவிட்டால் என்ன ஆகும் என்று உன் அம்மா கடையில் எல்லோருக்கும் சொல்லியாகிவிட்டது: "பென்சில மூட்டை கட்டிட்டு கணக்கு டியூசன்தான்."

போன மாதம் புத்தகத்தைப் பார்த்து நான் எழுதி அனுப்பிய யோசனைகளில் எது பலித்தது? அமைதியான இடமா, அலாரமா, நட்சத்திர ஸ்டிக்கரா? அதை மட்டும் சொல். இந்த வாரத் தாள்கள் எல்லாவற்றிலும் கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

அன்புடன்,
சிந்து


பெரும்பாக்கம்,
6 ஆகஸ்ட், புதன்

சிந்து டீச்சருக்கு,

உன் யோசனைகளின் கதியைக் கேள்.

அமைதியான இடம் என்றாய். எங்கள் பிளாக்கில் அமைதியாக இருந்தால் யாரோ செத்துப்போய்விட்டார்கள் என்று அர்த்தம். ஆனாலும் ஒருநாள் வீட்டில் எல்லோரும் கல்யாணத்துக்குப் போனபோது கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தேன். வெளியே சத்தம் நின்றதும் தலைக்குள் இருக்கும் சத்தம் கேட்கத் தொடங்கிவிட்டது. லிப்ட் ஏன் எங்கள் மாடிக்கு மட்டும் வருவதில்லை, பல்லிக்குத் தலைசுற்றாதா, பழைய வீட்டில் கதவுக்குப் பின்னால் நான் வரைந்த மீனை இடிப்பதற்கு முன்னால் யாராவது பார்த்திருப்பார்களா. அன்றைக்கு வட்டமே இல்லை.

அலாரம் வைத்தேன். அது அடிக்கும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஸ்டிக்கர் அட்டையை அன்றைக்கே காலி செய்து கதவில் ஒட்டினேன். எங்கள் வீட்டுக் கதவு இப்போது மிக நல்ல மாணவி.

உனக்கு இது எப்படி இருக்கும் என்று தெரியவில்லை, அதனால் சொல்கிறேன். முதல் வரிசை போடும்போது நான் அங்கே இருக்கிறேன். இரண்டாவது வரிசையில் கை மட்டும்தான் இருக்கிறது, நான் போய்விடுகிறேன். போகிறேன் என்று எனக்கே தெரியாது. திரும்பி வரும்போது பூனை பஸ் ஓட்டிக்கொண்டிருக்கும். வேண்டுமென்று செய்கிறேன் என்றுதான் பழைய பள்ளிக்கூடத்தில் நினைத்தார்கள். நீ மட்டும்தான் நினைக்கவில்லை.

இப்போது எப்படி முடிகிறது என்று கேட்காதே. காரிடாரில் உட்கார்ந்து வரைகிறேன், அவ்வளவுதான் சொல்வேன். திருட்டுத்தனம் எதுவும் இல்லை. சில விஷயங்களை வாயைத் திறந்து சொன்னதும் எனக்கு அவை செத்துவிடும். ஒரு திமிங்கிலக் கதை எழுதப்போகிறேன் என்று உன்னிடம் முழுக் கதையையும் சொன்னேனே, அதற்கப்புறம் ஒரு வரியாவது எழுதினேனா? இதுவும் அப்படி ஆகிவிட வேண்டாம்.

உன் அப்பா கடையில் புதிதாக வந்திருக்கும் சின்ன செம்பின் வாய் எப்படி வளைகிறது என்று வரைந்து அனுப்பு. அம்மாவைக் கேட்டால் "வட்டமா கீது" என்கிறார்.

நிலா


தி.நகர்,
12 ஆகஸ்ட், செவ்வாய்

அன்புள்ள தமிழ்நிலா,

செம்பு வரைந்து வைத்திருக்கிறேன். இந்த வாரம் அனுப்பவில்லை. முதலில் இதைப் படி.

நேற்று வந்த தாள்களை மாடி கோடவுனில் ஜன்னலோரமாக வைத்துப் பார்த்தேன். நீ வலக்கைக்காரி. வரிசையை இடமிருந்து வலமாகப் போட்டுக்கொண்டு போகும்போது உன் உள்ளங்கை போட்டு முடித்த வட்டத்தின் மேல் படாது. உன் பழைய தாள்களில் எங்கும் கரி இழுபட்டதில்லை. ஆனால் இப்போது ஒவ்வொரு தாளிலும் எங்கோ ஓரிடத்தில், ஒரு வட்டத்துக்கு இடப்பக்கம் மட்டும், பென்சில் கரி தேய்ந்து மங்கலாக இருக்கிறது. இடது கையால் வரைகிறவர்களுக்குத்தான் அப்படி ஆகும். குடம் வரைந்த தாளில் இன்னும் தெளிவாகத் தெரிகிறது. ஒரு பக்கத்து நிழல் கோடுகள் நீ எப்போதும் போடுவதுபோல் சாய்கின்றன. மறுபக்கத்தில் நேர் எதிராகச் சாய்கின்றன.

இதை வைத்து மட்டும் நான் எதுவும் முடிவு செய்யவில்லை. ஆனால் இன்று உன் அம்மா குடங்களைத் துடைத்துக்கொண்டே என்னிடம் பேசினார். நான் சாதாரணமாகத்தான் கேட்டேன். (சாதாரணமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ள வேண்டும் என்றே கேட்டேன்.)

"நிலாவா? அது நம்ம பேச்ச எங்க கேக்குது. சாயங்காலம் ஆச்சின்னா எதிர்வூட்டு செம்பியன் அண்ணன் கூடக் குந்திக்கினு வரைஞ்சிக்கினு கீது. அவரு போர்டு எழுதறவரு பாப்பா. பீச்சாங்கைலயே இன்னாமா எழுதறாரு தெரியுமா? நாயர் டீக்கடை போர்டு அவருதுதான்."

அதற்குள் கல்லாவிலிருந்து அப்பா, "ஏட்டி சிந்து, பாடம் படிக்கணும்னு மாடிக்குப் போனவ இங்க என்ன செய்த?" என்று கேட்டுவிட்டார். உன் அம்மாவிடம் மேற்கொண்டு கேட்க முடியவில்லை.

உனக்குச் சலித்துப்போகிற இடத்தில் வேறொருவர் போட்டுக் கொடுக்கிறார் என்று நினைக்கிறேன். இல்லையென்றால் இல்லை என்று காரணத்தோடு எழுது. கரி தேய்ந்திருக்கும் தாள்களில் கையெழுத்துப் போடவில்லை. அவற்றை உன் அம்மாவிடமே திருப்பிக் கொடுத்திருக்கிறேன்.

சிந்து


பெரும்பாக்கம்,
13 ஆகஸ்ட், புதன்

சிந்து,

இந்தத் தடவை நான் "டீச்சருக்கு" என்று போடவில்லை, கவனித்தாயா? கவனித்திருப்பாய். நீ எதையும் விடமாட்டாய்.

உங்கள் கடையில் குடத்தை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கி ஓட்டை இருக்கிறதா என்று பார்ப்பார்களே, அப்படி என்னைத் தூக்கிப் பிடித்துப் பார்த்திருக்கிறாய். அதற்கு என் அம்மாவையே சாட்சிக்கு இழுத்திருக்கிறாய். அவருக்கு நீ எதற்குக் கேட்கிறாய் என்றே தெரியாது. "சிந்து பாப்பா உன்னப் பத்தி எம்மாம் ஆசையா விசாரிச்சிது" என்று வந்து சொன்னார்.

உன் கடிதத்தைச் செம்பியன் அண்ணனுக்குப் படித்துக் காட்டினேன். அவர் சிரித்தார். "ஒரு போர்டு எழுதி முடிக்கறதுக்குள்ள எனக்குத் தோள்பட்டை கழண்டு போவுது. இதுல உனக்கு முட்ட முட்டயா வட்டம் வேற போட்டுத் தருவனா? ஆள விடு நைனா" என்றார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "அந்தப் பொண்ணு கண்ணு கண்ணுதான்" என்று மட்டும் சொன்னார். ஏன் அப்படிச் சொன்னார் என்று உனக்கு எழுத மாட்டேன்.

பூனைத் தாள்களுக்கு ஒரு கேள்வி கேட்காமல் கையெழுத்துப் போட்டாய். பாதி வெள்ளையாக இருந்த தாளையெல்லாம் நான்தான் போட்டேன் என்று நம்பினாய். ஒரு தாள் முழுசாக வந்ததும் அது என்னுடையதாக இருக்க முடியாது என்று உனக்குத் தோன்றிவிட்டது.

எனக்கும் ஒரு சந்தேகம் இருக்கிறது. சார் மூன்று பேர் பெயரைத்தான் அனுப்புவாராம். தயாராக இருப்பது நாம் நான்கு பேர். ஒருவர் விழுந்தாக வேண்டும். யார் விழுந்தால் உனக்குச் சௌகரியம்?

திருப்பி அனுப்பிய தாள்களை மறுபடியும் வைத்திருக்கிறேன். போடுவதும் போடாததும் உன் இஷ்டம்.

தமிழ்நிலா


பெரும்பாக்கம்,
18 ஆகஸ்ட், திங்கள்

சிந்து,

சுதந்திர தினத்தன்று சாயங்காலம் எதிர் பிளாக் மாடிப்படியில் நின்றது நீதானே?

பஜ்ஜிக் கடை அக்கா சொன்னார். "சட்டைல கொடி குத்திக்கினு ஒரு பொண்ணு வந்துச்சு. உன் வூடு எதுன்னு கேட்டுச்சு. காட்னா, இந்தப் பக்கம் வராம அந்தப் பக்கம் ஏறுது. கைல உங்கம்மா வேலை செய்ற கடைப் பை." என் வீட்டு வாசல்வரை வந்துவிட்டு உள்ளே வராமல் போயிருக்கிறாய். அம்மா அன்றைக்குக் கேசரி கிண்டியிருந்தார்.

என்ன பார்த்தாய்?

தமிழ்நிலா


தி.நகர்,
19 ஆகஸ்ட், செவ்வாய்

தமிழ்நிலா,

ஆம், வந்தேன். கொடியேற்றம் முடிந்து, மத்தியானத்துக்கு மேல் நூலகத்துக்குப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் பஸ் ஏறினேன். உண்மையை எழுதுவதாகச் சொன்னவள் அன்று வீட்டில் பொய் சொன்னாள் என்பதையும் எழுதிவிடுகிறேன்.

பார்த்தது இதுதான். நீ காரிடாரில் தரையில் உட்கார்ந்திருந்தாய். பக்கத்தில் செம்பியன் என்பவர் ஒரு தகரப் பலகைக்கு வெள்ளை அடித்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் கழித்து நீ உன் தாளை அவரிடம் கொடுத்தாய். பென்சிலையும் கொடுத்தாய். பிறகு எழுந்து சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டாய். அவர் பென்சிலை இடது கையில் பிடித்துக்கொண்டு தாளின் மேல் குனிந்தார். ஏதோ போட்டார். நீ திரும்பியதும் தாளைப் பார்த்து இரண்டு பேரும் சிரித்தீர்கள்.

நீ ஏன் திரும்பி நின்றாய்? "நான் பார்க்கவில்லை" என்று பிறகு சொல்வதற்காகத்தானே?

ஞாயிற்றுக்கிழமை சாரிடம் சொல்லிவிட்டேன். சந்தேகம் என்று சொல்லவில்லை, பார்த்தேன் என்று சொன்னேன். அவர் தேர்வுப் பட்டியலை எடுத்தார். பிறகு உன் பெயருக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டார். நான் அதைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தேன்.

மூன்று பேர் கணக்கை நான் யோசித்ததே இல்லை.

மேலே உள்ள வரியை அடித்துவிடலாம் என்று நினைத்தேன். அடிக்காமல் திருத்துகிறேன். ஒரு தடவை யோசித்திருக்கிறேன். ஆனால் சாரிடம் சொன்னது அதற்காக இல்லை. அதற்காக இல்லை என்றுதான் நினைக்கிறேன்.

சிந்து


பெரும்பாக்கம்,
22 ஆகஸ்ட், வெள்ளி

சிந்து,

இனிமேல் சொன்னால் என்ன, சொல்லாவிட்டால் என்ன. அது செத்துவிட்டது. அதனால் சொல்கிறேன்.

ஜூலை மாதக் கடைசியில் ஒருநாள் இரண்டாவது வரிசையில் வழக்கம்போல் நான் போய்விட்டேன். திரும்பி வந்து பார்த்தால் பென்சில் என் இடது கையில் இருந்தது. எப்படிக் கை மாறியது என்று தெரியவில்லை. அந்த வட்டம் நசுங்கிய தகர டப்பா மாதிரி இருந்தது. ஆனால் அதைப் போடும்போது நான் அங்கேயே இருந்தேன், சிந்து. எங்கும் போகவில்லை. புது ஊருக்கு வந்த மாதிரி இருந்தது.

அப்புறம் அதை ஒரு விளையாட்டாக்கினேன். தாள் முழுவதும் வலது கை வட்டம். அதற்குள் எங்கேயோ ஒன்று மட்டும் இடது கை. செம்பியன் அண்ணன் அது எது என்று கண்டுபிடித்துப் பென்சிலால் லேசாகப் புள்ளி வைக்க வேண்டும். சரியாக வைத்தால் நான் அவர் பிரஷ்ஷைக் கழுவ வேண்டும். தப்பாக வைத்தால் அவர் பஜ்ஜி வாங்கித் தர வேண்டும். என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுகிறார் என்றுதான் சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்பேன். நீ பார்த்தது அதைத்தான். பிறகு புள்ளியை ரப்பரால் அழித்துவிடுவேன்.

இடது கை வட்டத்தை ஒளிக்க வேண்டுமென்றால் வலது கை வட்டத்துக்குச் சமமாக அது வர வேண்டும். வலது கை வட்டங்களும் ஒன்றுக்கொன்று ஒரே மாதிரி இருக்க வேண்டும். ஒன்று கோணினாலும் அண்ணன் பிடித்துவிடுவார். அதனால் ஒவ்வொரு வட்டத்திலும் எனக்கு வேலை இருந்தது. முதல் வரிசையிலிருந்து கடைசி வரிசை வரை நான் இருந்தேன். குடத்துக்கு ஒரு பக்கம் வலது கை, மறுபக்கம் இடது கை. சாரிடம் சொன்னால் விளையாட்டுக்கு வைத்துக்கொண்டாயா என்று திட்டுவார். உன்னிடம் சொன்னால் புத்தகத்தில் இதற்கு ஒரு பெயர் இருக்கிறது என்று எழுதுவாய். இரண்டில் எது நடந்தாலும் எனக்கு அது போய்விடும். அதனால்தான் சொல்லவில்லை.

அண்ணன் கடைசி வாரம் தினமும் தோற்றார். பஜ்ஜிக் கடை அக்காவே பரிதாபப்பட்டார். யாராலும் கண்டுபிடிக்க முடியாது என்று நான் நினைத்திருந்தபோதுதான் உன் கடிதம் வந்தது. இப்படி ஒன்று ஒளிந்திருக்கிறது என்று யாரும் சொல்லாமலே ஒவ்வொரு தாளிலும் நீ கண்டுபிடித்திருக்கிறாய். அதற்குத்தான் அண்ணன் உன் கண்ணைப் பற்றி அப்படிச் சொன்னார். கோபத்திலும் ஒன்று கற்றுக்கொண்டேன். உள்ளங்கைக்கு அடியில் ஒரு துண்டுத் தாளை வைத்துக்கொண்டால் கரி இழுபடாது.

ஆனால் இப்போது அண்ணன் காரிடாருக்கு வருவதில்லை. "என்னால உனக்கு எதுக்குமா வம்பு" என்று வீட்டுக்குள்ளேயே வேலை செய்கிறார். இந்த வாரம் நான் தனியாக உட்கார்ந்தேன். அந்தத் தாளை இதோடு வைத்திருக்கிறேன். ஒரு வட்டம்கூட இல்லை. இதை நான்தான் செய்தேன், வேறு யாரும் உதவவில்லை. கையெழுத்துப் போடு.

நிலா


தி.நகர்,
26 ஆகஸ்ட், செவ்வாய்

அன்புள்ள நிலா,

உன் கடிதத்தை நான் உடனே நம்பவில்லை. நன்றாக யோசித்துச் சொன்ன கதை என்று நினைத்தேன். அதனால் சோதித்துப் பார்த்தேன்.

சனிக்கிழமை கோடவுனில் உட்கார்ந்து இடது கையால் வட்டம் போட்டேன். வட்டம் என்று அதைச் சொல்ல முடியாது. அப்பா வந்து பார்த்துவிட்டு, "என்னட்டி, கத்திரிக்காயா?" என்று கேட்டார். ஆனால் கரி நான் உன் தாளில் பார்த்த அதே இடத்தில்தான் தேய்ந்தது. நிழல் கோடு போட்டேன், அதே பக்கம் சாய்ந்தது. பிறகு உன் தாள்களில் கரி தேய்ந்த இடங்களை லென்ஸ் வைத்துப் பார்த்தேன். சிலவற்றில் ஒரு புள்ளியை அழித்த தடம் இருக்கிறது. பல தாள்களில் அந்தத் தடம் வேறு வட்டத்தின் மேல் இருக்கிறது. அவர் பஜ்ஜி வாங்கிக் கொடுத்த நாட்கள்.

உன்னிடமிருந்து மறைக்க விரும்பாததால் சொல்கிறேன். நீ என் தோழி என்பதால் நம்பவில்லை. தடம் இருந்ததால் நம்பினேன். இதை எழுதும்போது எனக்கு நன்றாக இல்லை.

சாரிடம் போய், நான் பார்த்தது சரி, புரிந்துகொண்டதுதான் தப்பு என்றேன். "முன்னால சொன்னதும் நீதான், இப்பச் சொல்றதும் நீதான். நான் எந்த சிந்துவ நம்பட்டும்?" என்றார். ஞாயிற்றுக்கிழமை நீ நேரில் வந்து அவர் எதிரில் ஒரு தாள் போட்டால் கேள்விக்குறியை அழிப்பாராம். அன்றுதான் பெயர்களை எழுதுகிறார். உன் அம்மாவிடம் கேட்டுவிட்டேன், கூட்டிக்கொண்டு வருகிறேன் என்றார்.

வெள்ளைத் தாளில் கையெழுத்துப் போடவில்லை. பத்திரமாக வைத்திருக்கிறேன்.

சிந்து


பெரும்பாக்கம்,
29 ஆகஸ்ட், வெள்ளி

சிந்து,

வருகிறேன். ஆனால் அந்த ஹால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். எல்லோரும் பார்ப்பார்கள். ஒருவரும் பேசமாட்டார்கள். சார் எதிரில் உட்கார்ந்திருப்பார். உன் புத்தகத்தில் சொன்ன அமைதியான இடம் அதுதான். அங்கே என்னால் இரண்டாவது வரிசையைத் தாண்ட முடியாது. அதோடு எல்லோருக்கும் ஊர்ஜிதமாகிவிடும்.

அதற்குத்தான் கூப்பிடுகிறாயோ என்றும் ஒரு நிமிடம் தோன்றியது. நீ உண்மை எழுதுகிறாய் என்பதால் நானும் எழுதுகிறேன்.

நிலா


மயிலாப்பூர்,
31 ஆகஸ்ட், ஞாயிறு மாலை

அன்புள்ள நிலா,

நீயும் அம்மாவும் பஸ்ஸுக்கு ஓடிய பிறகு ஹாலிலேயே உட்கார்ந்து எழுதுகிறேன். அப்பா என்னைக் கூட்டிப்போக இன்னும் வரவில்லை. வாட்ச்மேன் பெஞ்சுகளை ஓரமாகத் தள்ளிக்கொண்டிருக்கிறார்.

நீ தாளைப் பார்த்துக்கொண்டிருந்தாய். நான் உன்னைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதனால் உனக்குத் தெரியாத சிலது எனக்குத் தெரியும். முதல் வரிசை நன்றாக வந்தது. இரண்டாவதில் உன் கால் ஆடத் தொடங்கியது. பென்சிலைச் சீவினாய். சீவிய பென்சிலை மறுபடியும் சீவினாய். தண்ணீர் குடித்தாய். ஒரு வட்டம் முட்டையாகிவிட்டது. பின் பெஞ்சில் யாரோ, "மச்சி, இன்னிக்கு அந்த அண்ணன் வரல போல" என்றான். உனக்கும் கேட்டது.

அந்த நேரத்தில் எனக்கு மறுபடியும் சந்தேகம் வந்தது. இதையும் எழுதத்தான் வேண்டும். விளையாட்டு, புள்ளி, பஜ்ஜி எல்லாமே கட்டுக்கதையோ என்று நினைத்தேன். அப்போது உன் பென்சில் முனை அந்த முட்டையின் மேல் பக்கத்துக்குப் போய் நின்றது. காது இருக்க வேண்டிய இடம். நீ அதற்குக் காது வைக்கப் போனாய். ஜூலை மாதத்தில் எனக்குத் தாள் அனுப்பிய நிலாவேதான் இப்போது எதிரில் உட்கார்ந்திருக்கிறாள் என்று அப்போதுதான் புரிந்தது. உனக்கு இங்கே ஒளிக்க எதுவும் இல்லை, தேடுவதற்கு ஆளும் இல்லை.

அதனால்தான் எழுந்து வந்து, "ஒண்ணு ஒளிச்சு வைடி. கண்டுபிடிச்சா நீ பஜ்ஜி வாங்கணும், இல்லன்னா நான்" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றேன். ஏன்டி அவ்வளவு சத்தமாகக் கத்தினாய் என்று போகும்போது கேட்டாய். சாருக்குக் கேட்க வேண்டும் என்றுதான். அவர் நிறுத்தச் சொல்வார் என்று பயந்தேன். அவர் நாற்காலியை உன் பக்கம் நகர்த்தும் சத்தம்தான் கேட்டது.

சுவரில் போன மாதக் காலண்டர் கிழிக்காமல் தொங்கியது. எனக்குப் பின்னால் நோட்டிலிருந்து ஒரு துண்டு கிழிபடும் சத்தம் கேட்டது. உள்ளங்கைக்கு அடியில் வைக்கத்தானே? பிறகு பென்சில் சத்தம். அது நிற்கவே இல்லை. நான் காலண்டரையே பார்த்தேன். ஒரு தடவைகூடத் திரும்பவில்லை. எனக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று உனக்குத் தெரியும்.

நீ பென்சிலைக் கீழே வைத்ததும் உன் அம்மா, "போட்டாச்சில்ல, எந்திரி. இந்த பஸ்ஸ விட்டா நடந்துதான் போவணும்" என்று உன்னை இழுத்துக்கொண்டு போனார். அதற்குப் பிறகு நடந்தது இது.

சார் தாளை ட்யூப்லைட்டுக்கு அடியில் பிடித்துப் பார்த்தார். முட்டையை மட்டும் விரலால் தட்டினார். பிறகு என்னைக் கூப்பிட்டு, "கையெழுத்து போடும்மா" என்றார். பேனாவைத் திறந்தேன். என்னால் எழுத முடியவில்லை.

"நான் பார்க்கல சார். சுவரைப் பார்த்துக்கிட்டு நின்னேன்."

"தூர மாடிப்படில ஒளிஞ்சி நின்னப்ப எல்லாத்தையும் பார்த்தேன்னே. இன்னிக்கு ஒரு கை தூரத்துல நின்னுக்கினு பார்க்கலன்றே" என்றார். கோபமாகச் சொன்னாரா என்று முகத்தைப் பார்த்தேன். கண்டுபிடிக்க முடியவில்லை. என் கையிலிருந்து பேனாவை வாங்கி, நான் எழுத வேண்டிய மூலையில் அவரே எழுதினார்: "பார்த்தேன், இனாயத்." பட்டியலில் இருந்த கேள்விக்குறியை ரப்பரால் அழித்து, ஊதிவிட்டு, உன் பெயரைப் பேனாவால் எழுதினார். நான் அதைப் பார்த்தேன். இதற்குச் சாட்சி நான்.

மூன்று பேர்தானே சார் என்று கேட்டேன். "யார் சொன்னா? போடத் தெரிஞ்சவங்க எல்லாரும்தான்" என்றார். இந்தச் செய்தியை உனக்குச் சொன்னது யார் என்று எழுது. விசாரிக்க வேண்டும்.

அப்பா வரும்வரை தாளை வைத்துக்கொள்ளக் கொடுத்திருக்கிறார். வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். மேலிருந்து கீழாகவும் கீழிருந்து மேலாகவும் தேடிவிட்டேன். கரி எங்கும் இழுபடவில்லை. எது இடது கை என்று சாரைக் கேட்டேன். "நான் பார்த்தேன். சொல்ல மாட்டேன்" என்று குடையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். நீ எதையுமே ஒளிக்கவில்லையோ என்று இப்போது சந்தேகமாக இருக்கிறது. அப்படியென்றால் பஜ்ஜி யார் வாங்குவது என்று நாம் நேரில் பேச வேண்டியிருக்கும். இந்த வாரக் கடைசியில் வருகிறேன். நூலகம் என்று வீட்டில் சொல்லப் போவதில்லை. இந்தத் தடவை உன் பிளாக் படியில் ஏறுவேன். செம்பியன் அண்ணனிடமும் நான் பேச வேண்டும்.

கடைசி வரிசையில் ஓரத்தில் இருக்கும் வட்டம் எனக்குச் சரியாகப் படவில்லை. கோடு தொடங்கிய இடம் கொஞ்சம் தள்ளி இருக்கிற மாதிரி தெரிகிறது. கடிதத்தை நிறுத்திவிட்டு அதைப் பார்க்கிறேன்.

இந்த வரியை வாசல் படியில் தெருவிளக்கில் உட்கார்ந்து எழுதுகிறேன். தாளைச் சாய்த்துப் பிடித்துப் பார்ப்பதற்குள் வாட்ச்மேன் அதை வாங்கிவைத்துக்கொண்டு ஹாலில் விளக்குகளை அணைத்துவிட்டார்.